பதிவு போட்டதும் திரட்டிக்குத் தகவல் தானாகப் போக

“அண்ணே, நல்ல பிங் லிஸ்ட் ஒண்ணு இருந்தா அனுப்புங்க.” புதிதாக வலைப்பதிவு தொடங்குகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. புதுப் பதிவு வந்த தகவலை, அதாவது பிங்கை, அனுப்ப வேண்டிய முகவரிகளின் பட்டியல்தான் அது. தேடினால் அப்படிப்பட்ட பட்டியல்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. ஐம்பது முகவரி, நூறு முகவரி, ஒன்றின் கீழ் ஒன்றாக. வேர்ட்பிரஸ் பெட்டிக்குள் அப்படியே ஒட்டிவிட்டால் நூறு திரட்டிகளும் (பலருடைய பதிவுகளை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டும் தளங்கள்) ஓடி வந்து நம் பதிவை எடுத்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. தயவுசெய்து ஒட்டாதீர்கள். அதைவிடக் குறைந்த வேலையில் உருப்படியாக நடக்கும் வழி இருக்கிறது.

கும்பகோணத்தில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகைக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவில் சிலருடைய வலைப்பதிவுகளையும் பார்த்துக்கொள்கிறேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இலக்கணம் எழுதுகிறார். அது சொந்த ஹோஸ்டிங்கில் ஓடும் வேர்ட்பிரஸ். சமையல் குறிப்பு எழுதும் அக்கா ஒருவருக்கு பிளாகர். கோயில்களில் உழவாரப் பணி செய்யும் குழு ஒன்றுக்குக் கையால் எழுதிய எச்டிஎம்எல் தளம். மூன்றுக்கும் வழி வேறு வேறு என்பதால் மூன்றையும் சொல்கிறேன்.

பிங்கில் என்ன போகிறது

பிங் என்பது மிஸ்டு கால் மாதிரி. அதில் சேதி கிடையாது. ‘வந்து பார்’ என்பது மட்டும்தான். நீங்கள் மாங்கு மாங்கென்று எழுதிய கட்டுரை அதில் போவதில்லை. போவது வலைப்பதிவின் பெயரும் முகவரியும். கொஞ்சம் விரிந்த வகையில் ஓடையின் (ஃபீட்; புதுப் பதிவுகளை இயந்திரம் படிக்கும் வடிவில் தரும் கோப்பு) முகவரியும் கூடவே போகும். எக்ஸ்எம்எல்-ஆர்பிசி என்ற பழைய முறையில் இது அனுப்பப்படுகிறது. வாங்கிக்கொண்ட சர்வர், பிழை உண்டா இல்லையா என்பதையும் ஒரு வரிச் செய்தியையும் திருப்பி அனுப்பும். அப்புறம் அதற்கு ஒழியும்போது உங்கள் ஓடையைத் திறந்து பார்க்கும். புதிதாக ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் போய்விடும்.

எனவே எத்தனை பேரைக் கூப்பிட்டோம் என்பதைவிட, வந்து பார்க்கிறவருக்கு அங்கே என்ன கிடைக்கிறது என்பதுதான் முக்கியம். நான் பார்த்தவரை, ‘பிங் வேலை செய்யவில்லை’ என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு பிங் ஒழுங்காகவே போயிருக்கும். கோளாறு ஓடையில் இருக்கும்.

கொஞ்சம் பழைய கதை. 1999-ல் டேவ் வைனர் வெப்லாக்ஸ் டாட் காம் என்ற தளத்தைத் தொடங்கினார். அன்று புதுப்பிக்கப்பட்ட வலைப்பதிவுகளின் பட்டியல், அவ்வளவுதான் அது. முதலில் அந்தத் தளமே ஒவ்வொரு பதிவாகப் போய்ப் பார்த்தது. பதிவுகள் பெருகியதும் கட்டுப்படியாகவில்லை. ‘மாறினால் நீங்களே வந்து சொல்லுங்கள்’ என்று 2001-ல் பிங் முறைக்குப் போனார்கள். டெக்னோராட்டி என்ற வலைப்பதிவுத் தேடுபொறி முதலிய மற்றவர்களும் அதே மாதிரி வாசல் திறந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் போய்ச் சொல்வது தொல்லையானதால் 2004-ல் மேட் முல்லன்வெக்கும் டூகல் கேம்பலும் பிங்கோமேட்டிக்கைக் கொண்டுவந்தார்கள். அதனிடம் ஒருமுறை சொன்னால் போதும், மற்றவர்களுக்கு அதுவே சொல்லிவிடும். வெப்லாக்ஸ் டாட் காமை 2005-ல் வெரிசைன் நிறுவனம் வாங்கியது. அதற்குள் விளம்பரக் குப்பைத் தளங்கள் பிங் அடித்தே எல்லா வாசலையும் நாறடித்துவிட்டன. டெக்னோராட்டி பின்னாளில் வலைப்பதிவுகளைத் திரட்டுவதையே விட்டது. கூகுளின் வலைப்பதிவுத் தேடலும் மூடப்பட்டது. இன்று சுற்றுக்கு வரும் பட்டியல்கள் அந்தக் காலத்தவை. அவற்றில் பாதிக்கு மேல் கதவு மட்டுமல்ல, வீடே இல்லை.

நம் பக்கத்தில், அதே 2004-ல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் என்ற திரட்டியைத் தொடங்கினார். பிறகு தேன்கூடு வந்தது, தமிழிஷ் என்று பிறந்து இன்ட்லி ஆனது ஒன்று, இன்னும் பல. தமிழ்மணத்தின் கருவிப்பட்டையைப் பதிவில் பொருத்தி, புதிதாக எழுதியதும் அந்தப் பட்டையை அழுத்தி இடுகையைச் சேர்த்த கை இன்னும் பலருக்கு மறந்திருக்காது. அழுத்திவிட்டு, முகப்பில் ஏறிவிட்டதா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். அது கையால் அடித்த பிங். இப்போது அந்தப் பழைய திரட்டி முகவரிகளில் பல திறப்பதே இல்லை. ஆனால் ஓடையை வைத்து நடக்கும் திரட்டலும் வாசிப்பும் நின்றுவிடவில்லை. ஃபீட்லி, இனோரீடர் மாதிரியான ஓடை வாசிப்பான்களில் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சிறிய குழுக்கள் தங்களுக்குள் திரட்டி வைத்துக்கொள்கிறார்கள். தேடுபொறிகள் இருக்கவே இருக்கின்றன.

முதலில் ஓடையைச் சரிபாருங்கள்

வேர்ட்பிரஸில் தள முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு ஆங்கிலத்தில் ஃபீட் என்று அடித்தால் ஓடை திறக்கும். பிளாகரில் ஃபீட்ஸ், போஸ்ட்ஸ், டிஃபால்ட் என்ற மூன்று சொற்களைச் சாய்கோடுகளால் பிரித்து அடிக்க வேண்டும். அந்த முகவரியை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி வைத்திருக்கும் ஃபீட் வேலிடேட்டரில் கொடுங்கள். சரி என்று வந்தால் அடுத்த பகுதிக்குப் போகலாம்.

பிழை என்று வந்தால், அநேகமாக மூன்றில் ஒன்றாக இருக்கும். ஓடை எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில் இருக்கும்; அதன் தொடக்கமே எக்ஸ்எம்எல் அறிவிப்பாக இருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு வெற்று வரி இருந்தாலும் போச்சு, திரட்டி அதைத் தொடாது. தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பை யாராவது திருத்தியிருப்பார்கள். பிஎச்பி மூடும் குறிக்குப் பின்னால் ஒரு என்டர் தங்கியிருக்கும். அந்த மூடும் குறியையே எடுத்துவிட்டால் தீர்ந்தது. இரண்டாவது, பிஓஎம். தமிழ் எழுத்து உடையக் கூடாதே என்று கோப்பை நோட்பேடில் திறந்து யுடிஎஃப்-8 ஆகச் சேமிப்போம்; பழைய நோட்பேட் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டை வைத்துவிடும். நோட்பேட்++ திறந்து ‘பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8’ என்று மாற்றிச் சேமியுங்கள்.

மூன்றாவதுதான் ஆசிரியர் ஐயாவின் தளத்தில் வந்தது. அவர் வேர்டில் எழுதி ஒட்டுவார். வெண்பாவை அடி அடியாக மடக்க வேர்டில் ஷிஃப்டையும் என்டரையும் சேர்த்து அழுத்துவார். வேர்ட் அந்த இடத்தில் ‘செங்குத்து டேப்’ என்ற கட்டுப்பாட்டுக் குறியை வைக்கும். ஒட்டும்போது சில சமயம் அது அப்படியே ஏறிவிடும். பிரவுசரில் பதிவு அழகாகத் தெரியும். ஆனால் எக்ஸ்எம்எல்லில் அந்தக் குறிக்கு இடமே இல்லை, ஓடை மொத்தமும் செல்லாததாகிவிடும். வேலிடேட்டர் வரி எண் காட்டும். அங்கே போய் அந்த அடிகளின் கடைசியில் அழித்து, புதிதாக என்டர் தட்டினால் போதும். “தம்பி, வெண்பாவுக்கே விரோதமா இருக்கே இந்தக் கம்ப்யூட்டர்” என்றார் ஐயா.

கேஷ் பிளகினையும் (பக்கங்களின் நகலை வைத்துக்கொண்டு வேகமாகக் காட்டும் துணைநிரல்) பாருங்கள். பிங் போய்விடும். திரட்டி வந்து ஓடையைத் திறக்கும். அங்கே கேஷ் தன் பழைய நகலை எடுத்து நீட்டினால், ‘புதிதாக ஒன்றும் இல்லை’ என்று திரட்டி திரும்பிவிடும். கேஷ் அமைப்பில் ஓடையை விலக்கி வையுங்கள். பாதுகாப்பு பிளகினோ, தளத்துக்கு முன்னால் நின்று காக்கும் கிளவுட்ஃபிளேர் சேவையின் பாட் ஃபைட் மோடோ ஓடையை எடுக்க வரும் இயந்திரங்களை 403 (அனுமதி இல்லை) சொல்லி விரட்டுவதும் உண்டு. ஓடை என்பதே இயந்திரம் படிக்கத்தான். பிளகின் என்றால் அந்த முகவரிக்கு மட்டும் காவலைத் தளர்த்துங்கள்; பாட் ஃபைட் மோடில் ஒரு முகவரிக்கு மட்டும் விலக்கு தர முடியாது, அதை அணைத்துவிட வேண்டியதுதான்.

வேர்ட்பிரஸில்

செட்டிங்ஸ் பகுதியில் ரைட்டிங் பக்கத்தின் அடியில் ‘அப்டேட் சர்வீசஸ்’ என்று ஒரு பெட்டி இருக்கும். புதிதாக நிறுவிய தளத்தில் பிங்கோமேட்டிக்கின் ஒரே வரி அதில் இருக்கும். அதை அப்படியே விடுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த, இன்றும் உயிரோடு இருக்கிற திரட்டி ஏதாவது பிங் முகவரி தந்தால் அடுத்த வரியில் சேர்க்கலாம். ஒரு வரிக்கு ஒரு முகவரி.

பெட்டியே காணவில்லையா? செட்டிங்ஸில் ரீடிங் பக்கம் போங்கள். ‘தேடுபொறிகள் இந்தத் தளத்தை அட்டவணைப்படுத்த வேண்டாம்’ என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும். தளம் கட்டும்போது போட்டுவிட்டு, திறப்பு விழாவுக்கு அப்புறமும் எடுக்காமல் விட்ட டிக் அது. அது இருக்கும்வரை பெட்டியும் தெரியாது, பிங்கும் போகாது. ஒரே நிறுவலில் பல தளங்களை நடத்தும் மல்டிசைட் என்றால் பெட்டி இயல்பாகவே மறைந்திருக்கும்.

நூறு முகவரி ஒட்டினால் என்ன ஆகும் என்று கேட்டால், வேர்ட்பிரஸ் ஒவ்வொரு முகவரிக்கும் முதலில் விரிந்த பிங்கை அனுப்பிப் பார்க்கும். அது தோற்றால் சாதாரண பிங்கை அனுப்பும். ஒவ்வொரு முயற்சிக்கும் மூன்று நொடி காத்திருக்கும். செத்துப்போன முகவரி ஒன்றுக்கு ஆறு நொடி வரை வீண். முப்பது செத்த முகவரி என்றால் மூன்று நிமிடம். மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கில் அந்த நேரம் முழுக்க ஒரு வேலை உட்கார்ந்திருக்கும். கைக்கு வருவது ஒன்றுமில்லை.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. வெளியான பதிவை நீங்கள் திருத்தி ‘அப்டேட்’ அழுத்தும்போதெல்லாம் வேர்ட்பிரஸ் மறுபடி பிங் அடிக்கிறது. ஆசிரியர் ஐயா வெளியிட்ட பிறகுதான் ஒற்றுப் பார்ப்பார். ஒரு ‘க்’ சேர்ப்பார், அப்டேட். மறுபடி படித்து ஒரு ‘ச்’ எடுப்பார், அப்டேட். வல்லினம் மிகும் இடமெல்லாம் உலகத்துக்கு அறிவிக்கப்படும். சில சேவைகள் இப்படி அடிக்கடி கூப்பிடும் தளத்தைக் குப்பை என்று ஒதுக்கிவிடும். பிரிவியூவில் ஒற்றுப் பாருங்கள், அப்புறம் வெளியிடுங்கள். பழக்கத்தை மாற்ற முடியாதவர்களுக்கு, புதிய பதிவுக்கு மட்டும் பிங் விடும் பிளகின்கள் உண்டு.

ஸ்லக் (பதிவு முகவரியின் கடைசிப் பகுதி) விஷயத்தையும் வெளியிடும் முன்பே முடித்துவிடுங்கள். தமிழ்த் தலைப்பை வேர்ட்பிரஸ் அப்படியே முகவரியாக்கும். ஆனால் யுடிஎஃப்-8-ல் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். ஆக ஒரு குறியீட்டுக்கு ஒன்பது. வேர்ட்பிரஸ் ஸ்லக்குக்கு வைத்திருக்கும் இடம் 200. கணக்குப் போட்டால் சுமார் 22 குறியீடு. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாக எண்ணப்படும் என்பதை மறக்காதீர்கள். ‘தொல்காப்பியம் கூறும் குற்றியலுகரம்’ என்று ஐயா தலைப்பு வைத்தால் முகவரி ‘தொல்காப்பியம்-கூறும்-குற’ என்பதோடு நின்றுவிடும். குற்றியலுகரத்தைக் குறைத்த பாவம் நமக்கு. தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும், ஸ்லக்கை மட்டும் இரண்டு மூன்று ஆங்கில எழுத்துச் சொற்களில் கையால் போடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால், பழைய முகவரியோடு போன தகவல் போனதுதான். வேர்ட்பிரஸ் வந்தவர்களைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடும் என்றாலும், இரண்டு முகவரியும் சுற்றிக்கொண்டிருக்கும்.

பிங் எப்போது போகிறது? நீங்கள் பொத்தானை அழுத்தும் அதே கணத்தில் இல்லை. டபிள்யூபி-கிரான் என்ற உள்வேலைப் பட்டியலில் அது சேர்க்கப்படும். யாராவது தளத்துக்கு வரும்போது அந்தப் பட்டியல் ஓடும். கூட்டம் வரும் தளத்தில் இது தெரியவே தெரியாது. நாளுக்கு நாலு பேர் வரும் தளத்தில், விடியற்காலைக்கு ஷெட்யூல் செய்த பதிவு மதியம் வரை வெளியாகாமலேயே கிடக்கும். சிபேனலில் (ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பக்கம்) ‘கிரான் ஜாப்ஸ்’ திறந்து, டபிள்யூபி-கிரான் கோப்பைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழைக்கும்படி போட்டு, வேர்ட்பிரஸின் கான்ஃபிக் கோப்பில் உள்கிரானை அணைத்துவிடுங்கள். நேர மண்டலத்தையும் அப்படியே பார்த்துவிடுங்கள்: அது யுடிசி என்ற உலகப் பொது நேரத்திலேயே இருந்தால் காலை 6 மணிக்கு என்று வைத்த பதிவு நம் ஊரில் 11.30-க்குத்தான் வரும். ஜெனரல் செட்டிங்ஸில் கொல்கத்தா என்று தேர்ந்தெடுங்கள்.

எக்ஸ்எம்எல்-ஆர்பிசி கோப்பை ஹோஸ்டிங்காரர் அடைத்துவிட்டாரே, பிங் போகுமா என்று சிலர் பதறுவார்கள். போகும். அந்தக் கோப்பு உள்ளே வருகிறவர்களுக்கான வாசல். வெளியே போகும் பிங் அதன் வழியாகப் போவதில்லை. பிங்பேக், டிராக்பேக் இரண்டும் வேறு சமாசாரம்: நீங்கள் யாருடைய பதிவுக்குச் சுட்டி கொடுத்தீர்களோ அவருக்குச் சொல்வது.

வெப்சப்: இன்றைக்கு உருப்படியான வழி

2009-ல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக், பிரெட் ஸ்லாட்கின் முதலியோர் பப்சப்ஹப்பப் என்று வாயில் நுழையாத பெயரில் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பிறகு அதற்கு வெப்சப் என்று பெயர் மாறி, 2018 ஜனவரியில் டபிள்யூ3சியின் பரிந்துரையானது. இதில் நடுவே ஒரு ‘ஹப்’ நிற்கும். உங்கள் ஓடையிலேயே ‘என் ஹப் இன்னது’ என்று ஒரு வரி இருக்கும். ஓடை வாசிப்பான் அதைப் பார்த்து ஹப்பிடம் தன் பெயரைப் பதிந்துகொள்ளும். நீங்கள் எழுதியதும் ஹப்புக்குத் தகவல் போகும். ஹப் ஓடையை ஒருமுறை எடுத்து, பதிந்த எல்லாருக்கும் புதுப் பதிவை அப்படியே தள்ளிவிடும். வெறும் ‘வந்து பார்’ என்ற பழைய கதை இல்லை, பொருளே கைக்குப் போய்விடுகிறது. உங்கள் சர்வருக்கும் ஒரே ஒரு வருகைதான். யாருக்குப் போக வேண்டும் என்று நீங்கள் பட்டியல் வைத்திருக்கவும் வேண்டாம், கேட்டவர்களுக்குப் போகும்.

வேர்ட்பிரஸுக்கு வெப்சப் என்ற பெயரிலேயே பிளகின் இருக்கிறது. நிறுவி, ஆக்டிவேட் செய்தால் முடிந்தது. ஓடையைத் திறந்து ‘வியூ சோர்ஸ்’ போட்டு, மேலே ஹப் என்று ஒரு சுட்டி வரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பிளாகர் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுகம். பிளாகரின் ஓடையில் ஹப் வரி தானாகவே இருக்கிறது. செட்டிங்ஸில் ‘தேடுபொறிகளுக்குத் தெரியட்டும்’ என்பது ஆனில் இருக்க வேண்டும், ஓடை அனுமதி ‘நன்’ என்று இருக்கக் கூடாது. அதைத் தாண்டி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சமையல் அக்காவிடம் நான் வலியுறுத்தியது ஒன்றே ஒன்று. பிளாகர் தலைப்பில் இருக்கும் தமிழெழுத்தை முகவரிக்கு எடுக்காது. எல்லாப் பதிவும் ‘பிளாக்-போஸ்ட்’ என்றும் பின்னால் ஓர் எண்ணும் என்றுதான் வரும். வெளியிடும் முன் வலப்பக்கம் பர்மாலிங்க்கில் கஸ்டம் தேர்ந்தெடுத்து, வத்தக்குழம்பை ஆங்கில எழுத்தில் அடித்துவிட வேண்டும். அந்த வசதி வருவதற்கு முன், ஆங்கிலத் தலைப்பில் வெளியிட்டுவிட்டு உடனே தமிழுக்கு மாற்றுவது நம் பதிவர்களின் வழக்கம். அப்படிச் செய்தால் திரட்டியில் ஆங்கிலத் தலைப்பே தங்கிவிடும். இன்னும் சிலர் பழக்கதோஷத்தில் அப்படியே செய்கிறார்கள்.

கையால் கட்டிய தளமென்றால் கொஞ்சம் வேலை உண்டு. உழவாரக் குழுவுக்கு நான் ஓடையையே கையால் எழுதினேன்: தலைப்பு, முகவரி, விளக்கம், அப்புறம் ஒவ்வோர் அறிவிப்புக்கும் ஓர் உருப்படி. இந்த மாதம் எந்தக் கோயில், எத்தனை மணிக்குக் கூட வேண்டும், மண்வெட்டி யார் கொண்டுவருவது, இவ்வளவுதான் அவர்கள் அறிவிப்பு. ஓடையின் மேலே இரண்டு சுட்டி: ஒன்று ஹப்பின் முகவரி (நான் போட்டது கூகுள் நடத்தும் பப்சப்ஹப்பப் ஹப்), மற்றொன்று ஓடையின் சொந்த முகவரி. இரண்டாவதை விட்டுவிட்டால் வாசிப்பான் எதைப் பதிவது என்று தெரியாமல் நிற்கும். முகப்புப் பக்கத்தின் தலைப்பகுதியிலும் ஓடைக்கு ஒரு சுட்டி கொடுங்கள். வாசிப்பான் அதை வைத்துத்தான் ஓடையைக் கண்டுபிடிக்கும்.

கோப்பை எஃப்டிபியில் ஏற்றியதும் ஹப்புக்குச் சொல்ல வேண்டும். ஹப்பின் முகவரிக்கு ஒரு போஸ்ட் கோரிக்கை, அதில் இரண்டு மதிப்பு: முறை ‘பப்ளிஷ்’, முகவரி உங்கள் ஓடை. கர்ல் கட்டளையில் ஒரே வரி. இப்போதைய விண்டோஸிலேயே கர்ல் இருக்கிறது. ஏற்றும் வேலையையும் இந்த வரியையும் ஒரே பேட்ச் கோப்பில் எழுதி டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டேன்; குழுவில் உள்ள பையன் இரட்டைக் கிளிக் செய்கிறான், அவ்வளவுதான். ஏற்றுவது முதலில், சொல்வது பிறகு. வரிசை மாறினால் ஹப் பழைய ஓடையை எடுத்துக்கொண்டு போய்விடும். 204 என்ற எண் பதிலாக வந்தால் ஹப் ஏற்றுக்கொண்டது என்று பொருள்.

தேடுபொறிகளுக்கு

இங்கேதான் பழைய வழிகாட்டிகள் ஆளைக் கவிழ்க்கும். சைட்மேப் (தளத்தின் பக்க முகவரிகளைப் பட்டியலிடும் கோப்பு) முகவரியை கூகுளுக்கு பிங் செய்யும் வசதியை நிறுத்தப்போவதாக கூகுள் 2023 ஜூனில் அறிவித்து, அந்த ஆண்டு கடைசியோடு மூடிவிட்டது. வந்த பிங்குகளில் பெரும்பாலானவை குப்பை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். பிங் அதை முந்தைய ஆண்டே நிறுத்தியிருந்தது. (இந்த பிங், மைக்ரோசாஃப்ட்டின் தேடுபொறி.) ‘கூகுளுக்குத் தெரிவி’ என்ற டிக் உங்கள் பிளகினில் இன்னும் இருந்தால், அது சும்மா இருக்கிறது.

கூகுளுக்கு இப்போது செய்ய வேண்டியது: சைட்மேப்பை சர்ச் கன்சோலில் ஒருமுறை கொடுங்கள், தேடுபொறிகள் முதலில் படிக்கும் ரோபோட்ஸ் கோப்பிலும் அதன் முகவரியை ஒரு வரியாக எழுதுங்கள். சைட்மேப்பில் ‘கடைசியாக மாறிய தேதி’ உண்மையாக இருக்க வேண்டும். வேர்ட்பிரஸ் 5.5-லிருந்து தானே சைட்மேப் தருகிறது. ஆனால் அந்தத் தேதி 6.5-ல்தான் சேர்ந்தது. பழைய பதிப்பில் இருப்பவர்கள் மேம்படுத்த இதுவும் ஒரு காரணம். எல்லாப் பக்கத்துக்கும் தினமும் இன்றைய தேதியைப் போடும் பிளகின்கள் உண்டு. அதைக் கூகுள் கண்டுகொண்டால் அப்புறம் உங்கள் தேதியை நம்பாது. கூகுளின் இன்டெக்ஸிங் ஏபிஐ வைத்து ‘உடனடி ஏற்றம்’ என்று காசு கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள். அது வேலைவாய்ப்பு அறிவிப்புக்கும் நேரலை வீடியோவுக்கும் மட்டும் என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

மற்ற தேடுபொறிகளுக்கு இன்டெக்ஸ்நவ் என்ற முறை. மைக்ரோசாஃப்ட்டும் யாண்டெக்ஸும் 2021 அக்டோபரில் அறிமுகப்படுத்தியது. ஒருவரிடம் சொன்னால் சேர்ந்திருக்கும் மற்றவர்களுக்கும் போய்விடும். செஸ்னாம், நேவர் போன்றவையும் இதில் உண்டு. கூகுள் சேரவில்லை. வேர்ட்பிரஸுக்கு மைக்ரோசாஃப்ட்டே பிளகின் தருகிறது. கிளவுட்ஃபிளேர் பின்னால் இருக்கும் தளமென்றால் ‘கிராலர் ஹின்ட்ஸ்’ என்பதை ஆன் செய்தால் போதும்.

உழவாரத் தளத்துக்குக் கையால் செய்தது இப்படி. எட்டு முதல் 128 எழுத்துக்குள் ஒரு சாவி; ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு மட்டும். அந்தச் சாவியையே பெயராக வைத்து ஒரு டெக்ஸ்ட் கோப்பு, உள்ளேயும் அதே சாவி. தளத்தின் மேல்மட்ட ஃபோல்டரில் ஏற்றியாயிற்று. இனி மாறிய பக்கத்தின் முகவரியையும் சாவியையும் சேர்த்து இன்டெக்ஸ்நவ் முகவரியைப் பிரவுசரில் அடித்தாலே தகவல் போய்விடும். பேட்ச் கோப்பில் அதையும் இன்னொரு வரியாகச் சேர்த்துவிட்டேன். நிறையப் பக்கங்கள் என்றால் ஒரே போஸ்ட் கோரிக்கையில் 10,000 முகவரி வரை அனுப்பலாம். பக்க முகவரியில் தமிழ் இருந்தால் விழுக்காட்டுக் குறி வடிவத்தில்தான் அனுப்ப வேண்டும். பிளாகரில் மேல்மட்டத்தில் கோப்பு வைக்க முடியாது என்பதால் இது ஆகாது; அக்காவின் தளத்தை பிங் வெப்மாஸ்டர் டூல்ஸில் சேர்த்து சைட்மேப்பைக் கொடுத்ததோடு சரி.

பதில் எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதித் தொல்லை இல்லை. 200 என்றால் சரி. 202 என்றால் வாங்கிக்கொண்டார்கள், சாவியை இன்னும் சரிபார்க்கவில்லை. 403 என்றால் சாவிக் கோப்பு கிடைக்கவில்லை அல்லது உள்ளே இருப்பது வேறு. 422 என்றால் முகவரி இந்தத் தளத்துடையது இல்லை. பெரும்பாலும் முன்னால் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ இருப்பதும் இல்லாததுமான வித்தியாசம். 429 என்றால் அளவுக்கு மீறிக் கூப்பிட்டுவிட்டீர்கள்.

போய்ச் சேர்ந்ததா

வேர்ட்பிரஸ் இதைத் திரையில் சொல்லாது. டபிள்யூபி கிரான்ட்ரோல் பிளகினைப் போட்டால், வெளியிட்டதும் பிங் வேலை வரிசையில் ஏறுவதும், ஓடி முடிந்ததும் மறைவதும் தெரியும். மறையாமல் அங்கேயே குந்தியிருந்தால் கிரான் ஓடவில்லை. ஹப்பின் தளத்தில் ஓடை முகவரியைக் கொடுத்துச் சோதிக்க ஒரு படிவம் இருக்கிறது. கடைசியாக எப்போது எடுத்தது என்று காட்டும். இன்டெக்ஸ்நவ்வுக்கு பிங் வெப்மாஸ்டர் டூல்ஸில் தனிப் பக்கமே உண்டு.

எனக்குப் பிடித்தது சிபேனலில் ‘ரா ஆக்செஸ்’. பதிவு போட்டுச் சிறிது நேரம் கழித்து அந்த லாக் கோப்பை இறக்கி, ஓடையின் முகவரியைத் தேடுவேன். ஃபீட்ஃபெட்சர்-கூகுள் என்ற பெயரில் ஒரு வரி வந்திருந்தால் கூகுளின் ஹப் வந்து எடுத்துப் போயிருக்கிறது. பக்கத்தில் 200 இருக்கிறதா என்று பாருங்கள். 403 என்றால் உங்கள் வீட்டுக் காவலே விரட்டியிருக்கிறது, 304 என்றால் ‘மாற்றம் இல்லை’ என்று உங்கள் சர்வர் சொல்லியிருக்கிறது. பதிவு போட்டவுடன் 304 வந்தால் கேஷ் அமைப்புக்குத் திரும்பிப் போய் ஓடையை விலக்கிவிட்டு, ஏதாவது ஒரு சின்னப் பதிவைப் போட்டு மறுபடி லாக்கைப் பாருங்கள்.